வணிக ஆய்வுக் கட்டுரைகளை நூலகத் தரவுத்தளங்களில் தேடுவது எப்படி?

முகாமைத்துவ பீடத்தில் இறுதி வருடம் படிக்கும் தங்கச்சி ஒருவரின் கேள்வி இது: ‘நுண்கடன் எடுத்துச் சிறுதொழில் நடத்தும் யாழ்ப்பாணப் பெண்களின் தொழில் ஏன் பெருகாமல் அப்படியே நிற்கிறது என்பதுதான் என் ஆய்வு. மேற்பார்வையாளர், தரமான ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளாகக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கூகிளில் தேடினால் செய்தியும் விளம்பரமும்தான் வருகின்றன. நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் அது டொலரில் காசு கேட்கிறது. நூலகத் தரவுத்தளத்தில் யாழ்ப்பாணம், பெண்கள், நுண்கடன் என்று ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டோ மூன்றோ வருகிறது, சிலவேளை ஒன்றுமே இல்லை. என்ன செய்ய?’

தங்கச்சி, முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம். காசு கேட்கும் பக்கம் வந்தால் கட்ட வேண்டாம். அந்தக் கட்டுரைக்கான சந்தாவைப் பல்கலைக்கழகம் ஏற்கனவே கட்டியிருக்கலாம். கட்டாவிட்டாலும் அதன் இன்னொரு பிரதி எங்காவது இலவசமாகக் கிடக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெளியீட்டாளரின் தளத்துக்கு வீட்டிலிருந்து போனால் நீங்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் காசு கேட்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உங்கள் கம்பஸ் வைஃபையில் இருந்தபடி திறந்தால், பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியை வைத்து ஆளை அடையாளம் கண்டு, சந்தா இருக்கும் கட்டுரையைத் தந்துவிடும். வீட்டிலிருந்து பார்க்க என்ன ஏற்பாடு இருக்கிறது, எந்தப் பயனர் பெயரைப் போடவேண்டும் என்று நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் கேளுங்கள். இந்த வருடம் எந்தெந்தத் தரவுத்தளங்களுக்குச் சந்தா இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தா டொலரில் கட்டுவது, பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியது. போன வருட அக்காமார் தந்த பட்டியலை வைத்துக்கொண்டு தேட வேண்டாம்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லை முதல் தேடலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் தலைப்புக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது: ஒரு பிரச்சினை, ஒரு இடம். கடன் வாங்கிய சிறுதொழில் ஏன் வளரவில்லை, அதிலும் பெண் நடத்தும் தொழில் ஏன் வளரவில்லை என்பது பிரச்சினை. அதைப்பற்றி உலகம் முழுவதும் நாற்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணம் என்பது இடம். அதைப்பற்றி ஆய்விதழ்களில் வந்தது கொஞ்சம்தான். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் தரவுத்தளம் இரண்டும் சேர்ந்து இருப்பதை மட்டுமே தரும். கிடைக்கும் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு ‘இத்துறையில் ஆய்வுகள் இல்லை’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த வரியைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. ஏனென்றால் ஆய்வு இருக்கிறது, அதுவும் இலங்கையிலேயே செய்தது.

ஒரு கட்டுரையைக் கையில் எடுத்துக் காட்டுகிறேன். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்ரஃப் ஆகிய மூவர் எழுதி, 2008இல் குவாட்டர்லி ஜேர்னல் ஒஃப் எகனொமிக்ஸ் இதழின் 123ஆம் தொகுதியில் வந்தது. முதலாமவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தவர். களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சின்னஞ்சிறு தொழில் செய்பவர்களில் சிலரைச் சீட்டுக் குலுக்குவது மாதிரித் தெரிந்தெடுத்து, 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான பணமோ பொருளோ இனாமாகக் கொடுத்து, இலாபம் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து அளந்தார்கள். அந்த முதலின் வருவாய் மாதத்துக்கு 4.6 முதல் 5.3 வீதம் வரை இருந்தது. சந்தை வட்டியை விட அது எவ்வளவோ மேல். அதே மூவர் 2009இல் அமெரிக்கன் எகனொமிக் ஜேர்னலின் பிரயோகப் பொருளியல் இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். ஆண்கள் நடத்திய தொழில்களில் இலாபம் நன்றாக ஏறியது, பெண்கள் நடத்தியவற்றில் ஏறவில்லை என்பது அதன் முடிவு. உங்கள் ஆய்வின் மையக் கேள்வியே இதுதானே?

இப்போது தலைப்புகளைக் கவனியுங்கள். முதல் கட்டுரையின் தலைப்பு: ‘ரிட்டர்ன்ஸ் டு கப்பிட்டல் இன் மைக்ரோஎன்டர்பிரைசஸ்: எவிடன்ஸ் ஃப்ரொம் எ ஃபீல்ட் எக்ஸ்பெரிமென்ட்’. இதில் ‘ஸ்ரீலங்கா’ இல்லை, ‘வுமன்’ இல்லை, ‘மைக்ரோஃபினான்ஸ்’ இல்லை. இரண்டாவதன் தலைப்பில் ‘வுமன்’ இருக்கிறது, ‘கிரெடிட்’ இருக்கிறது, ‘மைக்ரோஎன்டர்பிரைஸ்’ இருக்கிறது. ‘மைக்ரோஃபினான்ஸ்’ அங்கும் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை. நீங்கள் போட்ட சொற்களுக்கு இந்த இரண்டில் ஒன்றும் அகப்பட்டிருக்காது.

ஆகவே கணினிக்கு முன்னால் உட்காருவதற்கு முன் ஒரு தாளை எடுத்து மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரலில் கடன்: மைக்ரோஃபினான்ஸ், மைக்ரோகிரெடிட், ‘கிரெடிட் கன்ஸ்ட்ரெயின்ட்’, ‘அக்சஸ் டு ஃபினான்ஸ்’. இரண்டாவதில் தொழில்: மைக்ரோஎன்டர்பிரைஸ், ‘ஸ்மோல் பிசினஸ்’, எஸ்எம்ஈ, ‘இன்ஃபோர்மல் ஃபேர்ம்’, ‘செல்ஃப் எம்ப்ளோய்மென்ட்’. மூன்றாவதில் பெண்: வுமன், ஃபீமேல், ஜெண்டர். ஒரு நிரலுக்குள் இருக்கும் சொற்களுக்கு நடுவில், ‘அல்லது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான ‘ஓர்’ போடுங்கள். நிரலுக்கும் நிரலுக்கும் நடுவில், எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்பதற்கு ‘அன்ட்’ போடுங்கள். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுவது நல்லது. விரிவான தேடல் பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெட்டிகள் இருக்கும், ஒரு நிரலுக்கு ஒரு பெட்டி. இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடராக இருந்தால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் அது சொற்களைப் பிரித்துப்போட்டுத் தேடும். ‘என்ட்ரபிரனர்’ என்று எழுதி முடிவில் நட்சத்திரக் குறி போட்டால் ஒருமை, பன்மை, ‘என்ட்ரபிரனர்ஷிப்’ எல்லாம் ஒன்றாக வரும்.

அப்படித் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். பயப்பட வேண்டாம். தேடும் இடத்தை ‘முழுக் கட்டுரை’ என்பதிலிருந்து ‘ஆய்வுச் சுருக்கம்’ என்பதற்கு மாற்றுங்கள், தொகை சட்டென்று இறங்கும். சொல் சுருக்கத்திலேயே வந்தால்தான் கட்டுரை அதைப்பற்றியது. முழுக் கட்டுரையில் எங்கோ ஒரு மூலையில் வருவது உங்களுக்கு உதவாது. அதற்குப் பிறகு நான்காவது பெட்டியில் ‘ஸ்ரீலங்கா’ என்று போட்டுப் பாருங்கள், பிறகு ‘சவுத் ஏசியா’, பிறகு போருக்குப் பிந்திய நிலை என்ற பொருளில் ‘போஸ்ட்-கொன்ஃப்ளிக்ட்’, ‘போஸ்ட்-வோர்’. கடைசி இரண்டும் முக்கியம். போர் முடிந்த இடத்தில் பெண்கள் தொழில் தொடங்குவது பற்றி ருவாண்டாவிலும் பொஸ்னியாவிலும் நேபாளத்திலும் எழுதியிருப்பவை, கொழும்பைப் பற்றிய கட்டுரையை விட உங்கள் களத்துக்குக் கிட்டவாக இருக்கலாம்.

நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டதும் அதோடு ஓடிவிடாதீர்கள். அந்தப் பதிவின் அடியில் பொருள் தலைப்புகள் என்று சில சொற்கள் இருக்கும். அவை தரவுத்தளக்காரர்கள் கட்டுரையைப் படித்துப் போட்டுவைத்த அடையாளங்கள். உதாரணமாக எப்ஸ்கோ நிறுவனத்தின் பிசினஸ் சோர்ஸ் என்ற தரவுத்தளத்தில் பெண்கள் உரிமையாளராக இருக்கும் தொழில்களுக்கு ‘வுமன்-ஓன்ட் பிசினஸ் என்டர்பிரைசஸ்’ என்று ஒரு தலைப்பு உண்டு. அதை அழுத்தினால், கட்டுரை எழுதியவர் வேறு எந்தச் சொல்லைப் பாவித்திருந்தாலும் அந்த வகையில் வந்தவை எல்லாம் வரிசையாக வரும். பொருளியல் பக்கத்தில் இதே வேலையை ஜேஈஎல் குறியீடுகள் செய்கின்றன. சுருக்கத்துக்குக் கீழே ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமுமாக நிற்பவை அவைதான். ஜீ 21 என்றால் வங்கிகளும் நுண்நிதி நிறுவனங்களும், எல் 26 முயற்சியாண்மை, ஜே 16 பால்நிலைப் பொருளியல். ரெபெக் என்ற இலவசத் திரட்டின் ஐடியாஸ் தளத்தில் இந்தக் குறியீட்டை வைத்தே உலாவலாம்.

அப்புறம் ‘சைட்டட் பை’. இதை நான் எல்லாவற்றையும் விட மேலாக மதிக்கிறேன். ஒரு கட்டுரையின் உசாத்துணைப் பட்டியல் அதற்கு முன் வந்தவற்றைக் காட்டும். ‘சைட்டட் பை’ அதற்குப் பிறகு வந்தவற்றைக் காட்டும். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடும் கூகிள் ஸ்கொலரில் அந்த 2009 கட்டுரையைப் போட்டு அதன் கீழிருக்கும் ‘சைட்டட் பை’யை அழுத்துங்கள். மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடு என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதைத் தெரிவுசெய்து ‘ஸ்ரீலங்கா’ என்று போடுங்கள். அதே மூவர் 2014இல் ஜேர்னல் ஒஃப் டிவலப்மென்ட் எகனொமிக்ஸில் எழுதியதை அப்படித்தான் பிடிக்கவேண்டும். இலங்கைப் பெண்களுக்கு வணிகப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. ஏற்கனவே தொழில் நடத்தியவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்ததில் இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு பணமும் கொடுத்தபோது முதலில் கூடியது, இரண்டாம் வருடத்தில் அதுவும் கரைந்துபோனது. இந்த மூன்று கட்டுரைகளையும் அடுத்தடுத்து வாசித்தாலே இலக்கிய மீளாய்வின் முதுகெலும்பு கிடைத்துவிடும். இவற்றோடு அமெரிக்கன் எகனொமிக் ஜேர்னலின் அதே பிரயோகப் பொருளியல் இதழில் 2015 ஜனவரியில் வந்த ஆறு நாட்டு ஆய்வுகளையும் சேருங்கள். பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நுண்கடனின் விளைவை அளந்தவை அவை. கொஞ்சம் நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் அளவுக்கு இல்லை என்பதுதான் மொத்தத்தில் வந்த முடிவு.

எந்தத் தரவுத்தளம் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். எமரால்டும் சயன்ஸ்டிரெக்டும் வெளியீட்டாளர்களின் தளங்கள். எமரால்டில் தேடினால் எமரால்டின் இதழ்கள்தான் வரும், சயன்ஸ்டிரெக்டில் எல்செவியரின் இதழ்கள்தான் வரும். ஒரு கொம்பனியின் சொந்தக் கடைக்குள் தேடுவது மாதிரித்தான் அது. எப்ஸ்கோவின் பிசினஸ் சோர்ஸும் புரோக்குவெஸ்டின் ஏபிஐ இன்ஃபோர்மும் பல வெளியீட்டாளர்களின் இதழ்களை ஓரிடத்தில் சேர்த்துத் தருபவை. ஸ்கோப்பஸ், வெப் ஒஃப் சயன்ஸ், எகொன்லிட் ஆகியவை சுட்டிகள். எங்கே என்ன இருக்கிறது என்று சொல்வதே அவற்றின் முதல் வேலை. ஆகவே ‘எமரால்டில் இல்லை’ என்றால் ஆய்வு இல்லை என்று அர்த்தமில்லை.

எமரால்டில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. அங்கே ஆய்வுச் சுருக்கம் நோக்கம், ஆய்வு முறை, கண்டறிந்தவை, புதிதாகச் சொல்வது என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். கட்டுரை உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அரை நிமிடத்தில் முடிவு செய்யலாம். பெண்களும் முயற்சியாண்மையும் பற்றியே அங்கு ஒரு தனி இதழ் உண்டு: இன்டர்நஷனல் ஜேர்னல் ஒஃப் ஜெண்டர் அன்ட் என்ட்ரபிரனர்ஷிப். எல்செவியர் பக்கத்தில் வேர்ல்ட் டிவலப்மென்ட், ஜேர்னல் ஒஃப் பிசினஸ் வென்ச்சரிங் இரண்டையும் பாருங்கள். ஸ்பிரிங்கரில் ஸ்மோல் பிசினஸ் எகனொமிக்ஸ்.

தேடல் முடிவுப் பக்கத்தின் ஓரத்தில் ‘முழுக் கட்டுரை உள்ளவை மட்டும்’ என்று ஒரு தெரிவு இருக்கும். ஆரம்பத்தில் அதைத் தொடாதீர்கள். தொட்டால், வேறு இடத்தில் இலவசமாகக் கிடைக்கக்கூடிய நல்ல கட்டுரைகள் கண்ணிலேயே படாமல் போய்விடும். சில இதழ்களின் புதிய கட்டுரைகள் ஒரு வருடம் வரை இந்தத் திரட்டுகளுக்கு வராது, அவையும் மறைந்துவிடும். ‘பியர் ரிவியூ’, அதாவது துறை அறிஞர்களின் மதிப்பீடு, செய்யப்பட்டவை மட்டும் என்ற தெரிவை மட்டும் தொடுங்கள். ஆனாலும் அது வடிகட்டுவது இதழைத்தான், கட்டுரையை இல்லை. நல்ல ஆய்விதழில் வந்த நூல் மதிப்புரையும் ஆசிரியர் தலையங்கமும் அந்த வடிகட்டலைத் தாண்டி வந்துவிடும். அவற்றை ஆய்வுக் கட்டுரை என்று கணக்கில் சேர்க்க முடியாது. ஹாவர்ட் பிசினஸ் ரிவியூவையும் பலர் ஆய்விதழ் என்று நினைக்கிறார்கள். அது பெயர்பெற்ற சஞ்சிகை, எழுதுபவர்களும் பெரிய ஆட்கள், ஆனால் துறை அறிஞர்கள் மறைவாக மதிப்பிட்டுத் திருத்தும் முறை அங்கே இல்லை. ஒரு கருத்தை அறிமுகப்படுத்தப் பாவிக்கலாம், சான்றாக வைக்க முடியாது.

ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண் இருக்கிறது என்பதற்காக ஒரு இதழை நம்பிவிடவும் வேண்டாம். அந்த எண்ணை யாரும் எடுக்கலாம். மருத்துவம், பொறியியல், வணிகம் எல்லாவற்றையும் ஒரே இதழில் போட்டு, இரண்டு நாளில் ஏற்றுக்கொள்கிறோம், காசைக் கட்டுங்கள் என்று சொல்லும் இதழ்கள் கூகிளில் முன்னுக்கு வந்து நிற்கும். சந்தேகமாக இருந்தால் இதழின் பெயரை ஸ்கோப்பஸின் மூல இதழ்ப் பட்டியலில் தேடுங்கள், அதைப் பார்க்கச் சந்தா தேவையில்லை. யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழாக இருந்தால், அப்படியான இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லாத இலங்கை இதழ்களில் நல்லவையும் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியிடும் நிறுவனம் எது, ஆசிரியர் குழுவில் யார் என்று பார்த்து மேற்பார்வையாளரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

சந்தா இல்லாத கட்டுரையை எடுப்பது எப்படி? கூகிள் ஸ்கொலரில் தலைப்பைப் போட்டால் வலப்பக்கத்தில் பிடிஎஃப் இணைப்பு இருக்கலாம். இல்லாவிட்டால் கீழே ‘ஓல் வேர்ஷன்ஸ்’ என்பதை அழுத்துங்கள். அன்பேவோல் என்ற இலவச நீட்சியை உலாவியில் போட்டுவைத்தால் சட்டப்படியான இலவசப் பிரதி இருக்கும்போது அதுவே காட்டும். ஜேஸ்டோர் என்ற இதழ்க் களஞ்சியத்தில் சொந்தமாக ஒரு இலவசக் கணக்குத் திறந்தால் மாதத்துக்கு 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். நான் சொன்ன 2008, 2009 கட்டுரைகள் இரண்டின் இதழ்களும் அங்கே இருக்கின்றன. ஒன்றும் சரிவராவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே மரியாதையாக இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோசமாக அனுப்புவார்கள், தன் கட்டுரையை ஒருவர் வாசிக்க விரும்புவது எவருக்கும் பிடித்த விஷயம்.

இலவசப் பிரதிகளில் ஒரு கவனம் வேண்டும். அந்த 2008 கட்டுரையின் முன்வடிவு உலக வங்கியின் பணிக் கட்டுரையாக 2007இல் வந்தது, அது எவருக்கும் இலவசம். அதில் மாத வருவாய் 5.7 வீதம் என்று இருக்கிறது. இதழில் அச்சானபோது அது 4.6 முதல் 5.3 என்று மாறிவிட்டது. மதிப்பீட்டாளர்கள் கேள்வி கேட்டுத் திருத்தும்போது கணக்கு இப்படி மாறுவது வழக்கம். பணிக் கட்டுரையை வாசித்து விளங்கிக்கொள்ளலாம், ஆனால் ஆய்வேட்டில் போடும் எண் அச்சான வடிவத்திலிருந்து வரவேண்டும். அது கையில் இல்லாவிட்டால், பணிக் கட்டுரையைத்தான் பார்த்தேன் என்று உசாத்துணையில் அப்படியே காட்டவேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் யாழ்ப்பாணத்தைத் தேடவேண்டும், அதற்கு இடம் வேறு. 2008இல் தொடங்கிய ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் நம் பல்கலைக்கழகங்களின் இதழ்கள் பல இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தின் டிஜிட்டல் களஞ்சியத்தில் இங்குள்ள விரிவுரையாளர்களின் கட்டுரைகளும் மாநாட்டுத் தொகுப்புகளும் கிடைக்கும். ஆங்கிலத்தில் ‘ஜஃப்னா’ என்று மட்டும் தேடாமல் வட மாகாணம் என்ற பொருளில் ‘நோர்தேர்ன் புரொவின்ஸ்’ என்றும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்றும் போடுங்கள். தமிழில் வந்த வணிகச் சஞ்சிகைகளுக்கும் மலர்களுக்கும் ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தின் இணைய நூலகத்தைப் பாருங்கள். அங்கே தேடலைத் தமிழில் செய்யவேண்டும். நுண்கடன், சிறுகடன், சுயதொழில், கூட்டுறவு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அவை பெரும்பாலும் மதிப்பீடு செய்யப்பட்ட கட்டுரைகள் இல்லை. ஆனால் இங்கே கடன் எப்படிப் புழங்கியது என்ற பின்னணியை வெளிநாட்டு இதழ் எதுவும் உங்களுக்குத் தராது.

வருட எல்லை வைப்பதாக இருந்தால் யோசித்து வையுங்கள். ‘கடைசி ஐந்து வருடம்’ என்று வெட்டினால் மேலே சொன்ன கட்டுரைகள் எல்லாம் போய்விடும். கோட்பாட்டுக்கும் அடிப்படை ஆய்வுகளுக்கும் எல்லை வேண்டாம். இலங்கை நிலைமைக்கு மட்டும் 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தை ஒரு கோடாக வையுங்கள். அதற்கு முன் எழுதியவையும் பின் எழுதியவையும் வேறு வேறு சூழலைப் பற்றியவை.

எடுத்த கட்டுரைகளைச் சொட்டேரோ என்ற மென்பொருளில் போட்டுவையுங்கள், இலவசம், உசாத்துணைப் பட்டியலை அதுவே எழுதித் தரும். எப்ஸ்கோ போன்ற தளங்களில் உலாவியின் மேலே தெரியும் முகவரியைக் கொப்பி பண்ணினால் நாளைக்கு அது திறக்காமல் போகலாம். நிரந்தர இணைப்பு என்று தனியாக ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் டிஓஐ என்ற, கட்டுரையின் மாறாத அடையாள எண்ணை எடுங்கள். பிடிஎஃப் வடிவம் இருந்தால் அதையே இறக்குங்கள், மேற்கோளுக்குப் பக்க எண் அதில்தான் சரியாக இருக்கும்.

இன்னொன்று, தேடத் தொடங்கும் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்: எந்தத் தரவுத்தளம், எந்தத் திகதி, எந்தச் சொற்கள், எத்தனை வந்தது, எத்தனையை எடுத்தேன். மேற்பார்வையாளரிடம் போகும்போது கட்டுரைப் பட்டியலோடு அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். வட மாகாணத்தைப் பற்றி ஆய்வு குறைவு என்று நீங்கள் எழுதப்போகும் வரிக்கு ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.